ஒருவர் சொன்ன தீர்க்கதரிசனத்துக்கு இல்லை என்றால், தேவனுக்கே இல்லை என்றதாகுமா?

தம்பி, "தேவனுடைய சத்தத்தை எப்படி அறிந்துகொள்வது" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். கீழே எழுதியிருக்கிற விபரத்தைப் பார்த்தால், உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருப்பது வேறு கேள்வி. வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் நிரந்தர நியமனத்தில் படிப்பிக்கிறீர்கள். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த அப்பாவும் உயர்தரம் படிக்கிற தங்கையும் உங்கள் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரு உபவாச ஜெபத்தில் வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் உங்கள் தலையில் கைவைத்து, டிசம்பருக்குள் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டும் என்று கர்த்தர் சொல்வதாகவும், கீழ்ப்படியாவிட்டால், தேவனுக்குத் தப்பி ஓடி மீனின் வயிற்றுக்குள் போன யோனாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது நீங்கள் மட்டும் தலைகுனிந்து இருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்பது இரண்டு கேள்வி. அந்த மனிதருக்கு மாட்டேன் என்று சொன்னால், அது தேவனுக்கே மாட்டேன் என்று சொன்னதாகுமா? மற்றவர்களோடு பேசுகிற தேவன் என்னோடு ஏன் பேசவில்லை?

நான் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்து, தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். இதே பாரத்தைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் பலரோடு இருந்து கதைத்திருக்கிறேன். அதனால் முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்: ஆகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தீர்க்கதரிசன வரம் தாராளமாக இருந்த கொரிந்து சபைக்கே பவுல் என்ன எழுதினார் என்று பாருங்கள். "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்றார். கேட்டவர்கள் எழும்பி உடனே செய்யக்கடவர்கள் என்று அவர் எழுதவில்லை. தெசலோனிக்கேயருக்கு, தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதிய கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். இரண்டும் அடுத்தடுத்த வசனங்கள். முதலாவதை மட்டும் பிரசங்கிக்கிறவர்கள் உண்டு, இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆவியானவர் இன்றைக்குப் பேசவே மாட்டார் என்கிறவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் சேரமாட்டேன். உங்களுக்குச் சொல்லப்பட்டதை நீங்கள் அலட்சியமாகத் தள்ளத் தேவையில்லை. ஆனால் அதைச் சோதிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உரிமை என்ன, அது கட்டளை. சோதிக்கிறவன் கீழ்ப்படியாதவன் என்று யாராவது சொன்னால், அவர் வேதத்துக்கு எதிராகப் பேசுகிறார்.

முதலாம் இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தை ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷன் ஒருவருக்கு, பெத்தேலில் அப்பம் சாப்பிடவேண்டாம், தண்ணீர் குடிக்கவேண்டாம், போன வழியாய்த் திரும்பவேண்டாம் என்று தெளிவான கட்டளை இருந்தது. ராஜா கூப்பிட்டபோதும் அவர் போகவில்லை. பிறகு ஒரு கிழவர், தானும் ஒரு தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் தன்னிடம் சொன்னான் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது பொய் என்று வேதமே அந்த இடத்தில் சொல்லுகிறது. நம்பிப் போனவர் திரும்பும் வழியில் சிங்கத்தின் கையில் இறந்துபோனார். இந்தப் பகுதியை எங்கள் பிரசங்க பீடங்களில் நான் அதிகம் கேட்டதில்லை, ஏன் என்றும் எனக்கு விளங்கவில்லை. ராஜாவின் விருந்துக்கு அசையாத மனிதர் "கர்த்தர் சொன்னார்" என்ற சொல்லுக்கு விழுந்துவிட்டார். தனக்கு ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்திருந்ததை, இன்னொருவர் தனக்குத் தெரியும் என்று சொன்னதற்காகக் கைவிட்டதுதான் அங்கே நடந்தது.

உங்களுக்குச் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரை எனக்குத் தெரியாது. அவர் முழு மனதோடு, கண்ணீரோடு சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர் ஒருவர் உண்மையாக எதையோ உணர்ந்து, அதற்கு அர்த்தம் சொல்லும்போது தவறிப்போவதும் உண்டு. அப்போஸ்தலர் 21இல் தீரு பட்டணத்துச் சீஷர்கள், பவுல் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று ஆவியின் ஏவுதலினாலே சொன்னார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பவுலோ போனார். செசரியாவில் அகபு வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டி, உனக்கு இப்படி நடக்கும் என்றான். அங்கேயும் எல்லாரும் அழுது தடுத்தார்கள். பவுல் அப்போதும் போனார். பாடு வரும் என்று அவர்கள் கண்டது சரி. ஆகையால் போகவேண்டாம் என்பது அவர்களுடைய அன்பிலிருந்து வந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன், வேறு விதமாக விளக்குகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, ஆவியானவரின் பெயரால் சொல்லப்பட்ட ஆலோசனையைப் பவுல் நிறுத்துப் பார்த்து வேறு முடிவு எடுத்தார். அதற்காக அவரை ஒருவரும் சபிக்கவில்லை. கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்துவிட்டார்கள்.

யோனாவை வைத்து உங்களைப் பயப்படுத்தியது எனக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருக்கிறது. யோனாவுக்குத் தேவனுடைய சத்தம் கேட்காமல் இல்லை. நினிவேக்குப் போ என்றது நேராக அவனுக்கே வந்தது, அவனுக்கு வடிவாக விளங்கியும் இருந்தது. விளங்கினதால்தான் எதிர்த்திசைக்குக் கப்பலேறினான். உங்கள் நிலை அதுவல்ல. நீங்கள் தேவன் சொன்னால் செய்யத் தயார், அவர் சொன்னாரா என்பதுதான் தெரியவில்லை. அதோடு, யோனாவின் கதையை மீனோடு நிறுத்துகிறவர்கள் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை விட்டுவிடுகிறார்கள்: "இரண்டாந்தரம் கர்த்தருடைய வார்த்தை யோனாவுக்கு உண்டாகி." வேண்டுமென்றே ஓடினவனுக்கே இரண்டாந்தரம் சொன்னவர், விளங்காமல் நிற்கிற உங்களை ஒரு டிசம்பர் மாதத் தவணையை வைத்து அழிக்கப்போவதில்லை. இதையும் நான் நிச்சயமான பக்கத்திலேயே வைக்கிறேன்.

நிச்சயமானதில் இன்னொன்று இருக்கிறது. தேவன் ஏற்கெனவே சொன்னதை மறுத்துப் புதிதாக ஒன்றைச் சொல்லமாட்டார். உங்கள் வீட்டு விடயத்தில் அவர் சொல்லியிருக்கிறார். மாற்கு 7இல் இயேசு, தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொர்பான் என்று தேவனுக்குப் படைத்துவிட்டால் போதும் என்று போதித்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவின் மருந்தும் தங்கையின் படிப்பும் ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இப்போதைக்கு அதுவே உங்கள் கையில் தரப்பட்டிருக்கிற ஊழியம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகிலே விட்டுவிட்டுத்தான் போனார்கள். கலப்பையில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றியும் இயேசு சொன்னார். அழைப்பு சில வேளை குடும்பத்துக்கு வலிக்கும். மாற்கு மட்டும் அந்தத் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு விட்டுப் போனார்கள் என்று எழுதுகிறார். அந்த ஒரு சொல்லை வைத்து நான் பெரிய உபதேசம் கட்டமாட்டேன். ஆனாலும் உங்கள் அப்பாவுக்குப் படகில் வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்பது கேட்கவேண்டிய கேள்விதான்.

சரி, இரண்டாவது கேள்வி: என்னோடு ஏன் பேசவில்லை? சாட்சி நேரங்களில் சொல்லப்படுவதை அளவுகோலாக வைத்தால் வேதத்திலேயே பலர் தோற்றுப்போவார்கள். ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் முடியும்போது ஆபிராமுக்கு வயது 86. அடுத்த அதிகாரம் தொடங்கிக் கர்த்தர் அவனுக்குத் தரிசனமாகும்போது 99. இடையில் 13 வருடங்கள். அந்தக் காலத்தில் தேவன் அவனோடு பேசினார் என்று ஒரு வரியும் எழுதப்படவில்லை. அவன் கூடாரம் போட்டான், ஆடு மேய்த்தான், பிள்ளை வளர்த்தான். விசுவாசிகளின் தகப்பனுக்கே அது போதுமாக இருந்தது. சாமுவேலைப் பாருங்கள். ஆலயத்திலேயே படுத்து எழும்பின பிள்ளைக்கே சத்தம் கேட்டபோது ஆசாரியர் ஏலி கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தான். மூன்று தரம் தவறான இடத்துக்கு ஓடினான். கர்த்தர் கோபிக்காமல் நான்காம் தரமும் கூப்பிட்டார். அது யாருடைய சத்தம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஏலிதான், கண்மங்கிய ஒரு கிழவர். சொந்தப் பிள்ளைகளைத் திருத்தத் தவறினவர் என்று கண்டிக்கப்பட்டவர். அப்படிப்பட்ட மனிதரின் உதவியும் சாமுவேலுக்குத் தேவைப்பட்டது. தனியாக அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் நானே கேட்டுவிடவேண்டும் என்று நீங்கள் உங்களை வருத்தவேண்டியதில்லை.

"என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்று இயேசு சொன்னது ஒரு நுட்பத்தைப் பற்றியல்ல, பழக்கத்தைப் பற்றி. கனடாவிலிருந்து அக்கா புது நம்பரில் போன் எடுத்தாலும், முதல் "ஹலோ"விலேயே அவர்தான் என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, ஒரே வீட்டில் வளர்ந்தீர்கள், அவ்வளவுதான். தேவனுடைய சத்தத்தை அறிவதும் பெரும்பாலும் இப்படித்தான். சுவிசேஷங்களில் இயேசு எப்படிப் பேசுகிறார், யாரிடம் கடுமையாகவும் யாரிடம் இரக்கமாகவும் இருக்கிறார், எதற்கு அவசரப்படுகிறார், எதற்கு அவசரப்பட மறுக்கிறார் என்பது வருடக்கணக்கில் உள்ளே ஊறினால், அவர் பேசாத தொனி வரும்போது உங்களுக்கே உறுத்தும். பயமுறுத்தி, தவணை வைத்து, குழப்பி ஓட்டுகிற தொனி மேய்ப்பனுடையதல்ல. அவர் கண்டிப்பார். குறிப்பிட்ட பாவத்தைப் பெயர் சொல்லிக் காட்டுவார், காட்டும்போதே திரும்பி வர வழியும் காட்டுவார். எங்கே பிழை விட்டேன் என்றே தெரியாமல் மொத்தமாக நெஞ்சை அழுத்துகிற குற்ற உணர்வு பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது.

இதற்குள் கீழ்ப்படிதல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். முதலில் சத்தம் கேட்கவேண்டும், பிறகு கீழ்ப்படியவேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். யோவான் 7:17இல் இயேசு அதைத் திருப்பிப் போடுகிறார்: பிதாவின் சித்தத்தைச் செய்ய மனதுள்ளவன்தான் உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான். என் அனுபவமும் இதையே சொல்கிறது. வேலி எல்லைத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கிற அயலவனோடு சமாதானமாகவேண்டும் என்று வேதம் நேரடியாகச் சொல்கிறது. அதைச் செய்யாமல் பெரிய தரிசனத்துக்காக உபவாசம் இருக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். போய் அயலவனோடு கதைத்த பிறகு ஜெபம் திறந்தது என்று வந்து சொன்னவர்களையும் கண்டிருக்கிறேன். தெளிவாகத் தெரிந்த சின்ன விடயங்களில் கீழ்ப்படிகிறவருடைய காது மெல்ல மெல்லக் கூர்மையாகிறது.

இனிச் சந்தேகத்துக்குரிய பக்கத்துக்கு வருகிறேன். புதுவருட ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனம், கனவு, இன்றைக்கு இப்படி நடந்தால் அது அடையாளம் என்று வைத்துக்கொள்வது, ஜெபத்தில் திடீரென்று மனதில் எழும்புகிற ஒரு வரி. இவற்றின் மூலமாகத் தேவன் பேசமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆறுதல் தேவைப்பட்ட நாளில் சரியான வசனம் கையில் வந்ததற்காக அழுது நன்றி சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும், அதை நான் தொடவும் மாட்டேன். ஆனால் ஆறுதலுக்குப் போதுமானது முடிவெடுக்கப் போதாது. கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதன்மேல் மட்டும் பனி பெய்யவேண்டும் என்று அடையாளம் கேட்டதைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். அவன் தோலைப் போடுமுன்பே தேவன் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரிந்துகொள்ள அவன் அதைச் செய்யவில்லை, தெரிந்ததை நம்பமுடியாமல்தான் செய்தான். தேவன் அவனுடைய பலவீனத்துக்கு இரங்கினார். அதை எல்லாருக்குமான முறையாக்க எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

இந்த இடத்தில் எரேமியா 32ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பெறுமதியானது. பாபிலோன் ராஜாவின் சேனை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். உன் பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கச் சொல்லுவான் என்று ஒரு வார்த்தை அவருக்கு வருகிறது. அவர் எழும்பி ஆள் அனுப்பவில்லை. பிறகு அனாமெயேல் உண்மையாகவே வந்து கேட்கிறான். அப்போதுதான் இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்று எரேமியாவே எழுதுகிறார். வாழ்நாள் முழுக்கக் கர்த்தருடைய வார்த்தையைச் சுமந்த தீர்க்கதரிசிக்கே, வந்தது அவருடைய வார்த்தைதான் என்று உறுதியாக, வெளியில் நடப்பது வந்து பொருந்தவேண்டி இருந்தது. 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்துக் காணி உறுதிப் பத்திரம் எழுதினார், அதை மண்பாண்டத்தில் வைப்பித்தார். யுத்தத்தால் 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் காணி உறுதியை உடுப்புக்குள் கட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். அந்த அதிகாரத்தை எங்கள் சனம் வேறு மாதிரித்தான் வாசிக்கும். இவ்வளவும் செய்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார்: நகரம் எதிரியின் கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே என்று. கீழ்ப்படிந்த பிறகும் அவருக்கு விளங்கவில்லை. ஆகவே உள்ளே சமாதானமாக இருந்தால்தான் தேவசித்தம், குழப்பமாக இருந்தால் இல்லை என்று பொதுவாகச் சொல்கிற விதியை நான் முழுதாக நம்புவதில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசுவுக்கு இருந்தது சமாதான உணர்வு அல்ல.

உணர்வுகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். அவற்றை வாசிக்கப் பழகவேண்டும். இதில் கத்தோலிக்கச் சகோதரரிடமிருந்து நாங்கள் கற்கவேண்டியது நிறைய இருக்கிறது. 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்திருந்த இஞ்ஞாசியார் (பிறகு இயேசு சபையை நிறுவியவர்), வீரசாகசங்களைப் பற்றிக் கற்பனை செய்தபோதும் மகிழ்ந்தார், கிறிஸ்துவையும் புனிதர்களையும் பின்பற்றுவதை நினைத்தபோதும் மகிழ்ந்தார். நினைக்கிற நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. விட்ட பிறகுதான் வேறுபாடு: முதலாவது மனதை வெறுமையாக விட்டது, இரண்டாவது நிறைவாக விட்டது. அதைக் கவனித்து அவர் உருவாக்கிய வழிமுறைகளில் உங்களுக்கு இப்போதே தேவையான ஒன்று இருக்கிறது. மனம் இருண்டு, கலங்கி, ஜெபிக்கவும் முடியாமல் இருக்கிற நேரத்தில் புதிய முடிவு எதுவும் எடுக்கவேண்டாம், அதற்கு முன் தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவிலேயே நிலைத்திருக்கவேண்டும் என்கிறார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மனம் இப்போது கலங்கித்தான் இருக்கிறது. இந்த நிலையில் இராஜினாமாக் கடிதம் எழுதவேண்டாம்.

அப்படியானால் உண்மையான அழைப்பு எப்படித்தான் வரும்? ஒரே அச்சு இல்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமும் ஊழியமும் செய்த ஜோன் ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல பெயரோடு இருந்த வைத்தியர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் கண்ணில்பட்ட ஒரு சிறு பிரசுரத்தை வாசித்ததில் மனம் அசைந்தது. மனைவியோடு கலந்து பேசினார், மிஷன் சங்கம் ஏற்றுக்கொண்டது, 1819இல் கப்பலேறினார். அதில் வானத்துச் சத்தம் ஒன்றும் இல்லை. பண்டத்தரிப்புக்குப் பக்கத்து ஊரான சில்லாலையில் அதற்கும் முன்னால் மறைந்து பணி செய்தவர் புனித யோசேப்பு வாஸ். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் இல்லாமல் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைப் பற்றிக் கோவாவில் கேள்விப்பட்டபோதே இங்கே வர அவர் மனம் துடித்தது. ஆனால் 1681இல் மேலிடம் அவரைக் கன்னடக் கரைப் பக்கம் அனுப்பியது. இது என் அழைப்பல்ல என்று அவர் உதறவில்லை, போய் வேலை செய்தார். 1687இல்தான் ஏழைக் கோலத்தில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். தாமதம் அவருடைய அழைப்பைக் கொல்லவில்லை. தேவன் மூட்டினது என்றால் சில வருடங்கள் காத்திருந்தாலும் அது அணையாது. "இந்த டிசம்பர் தவறினால் எல்லாம் போச்சு" என்கிற அழைப்பைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகமே வருகிறது.

எங்கள் திருச்சபைகளில் உள்ளான அழைப்பு என்றும் வெளியான அழைப்பு என்றும் பிரித்துப் பேசுவது இதனால்தான். ஒருவருக்குள்ளே எழும்புகிற ஆசை ஒன்று. அவரை அறிந்த சபை, அவருடைய நடத்தையையும் வரங்களையும் வருடக்கணக்காகப் பார்த்தவர்கள், "ஓம், இவரைத் தேவன் அழைக்கிறார் போலத்தான் இருக்கிறது" என்று சொல்வது மற்றொன்று. பிறகு நேர்முகம், இறையியல் படிப்பு, பயிற்சி. இது மெதுவான வழி, சில வேளை சலிப்பாகவும் இருக்கும். அந்த மெதுவிலேதான் பலருடைய அழைப்பு உறுதிப்பட்டது, சிலருடையது உதிர்ந்தும் போனது. உங்கள் விடயத்தில் நடந்திருப்பது தலைகீழ். உங்களை முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிவிட்டார், உங்களுக்குள் ஒன்றுமில்லை, உங்கள் சபைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒன்றும் வெளியூர் ஆளுடையது.

பணம், கலியாணம், வெளிநாடு. இந்த மூன்றிலும் "கர்த்தர் சொன்னார்" என்று வந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். எங்கள் மண்ணில் யுத்தத்துக்குப் பிறகு இழந்துபோனவர்கள் அதிகம், ஏங்குகிறவர்கள் அதிகம். விசா கிடைக்கும், காணாமற்போன பிள்ளை இன்ன மாதம் வருவான் என்று அந்த ஏக்கத்தின்மேல் ஒருவர் தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மாதம் கடந்த பிறகு அந்தத் தாயோடு இருந்து அழுகிறவர் உள்ளூர்ப் போதகர். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18 தெளிவாகச் சொல்கிறது. உங்களை ஊழியத்துக்குக் கூப்பிடுகிறவர் தன்னுடைய ஸ்தாபனத்துக்கே கூப்பிடுகிறாரா, உங்கள் சேமிப்பைப் பற்றிக் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தால் அதையும் நிறுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், உங்களுக்காக அல்ல, இதை வாசிக்கிற வேறு யாருக்காகவாவது. உண்மையாகவே காதில் சத்தம் கேட்டு, நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல், உன்னை அழித்துக்கொள் அல்லது இன்னொருவரைத் தாக்கு என்று அது கட்டளையிட்டால், அது தேவனுடைய சத்தம் அல்ல. தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. இறந்துபோனவரின் குரல் ஒருமுறை கேட்டதுபோல இருந்தது என்றால் அது வேறு. துக்கத்தில் இருக்கிற பலருக்கு அப்படி நடக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று பகைக்கிறவை அல்ல. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மிஷன் வைத்தியர் கிறீனின் ஊரில் இதை நான் விளக்கிக்கொண்டிருக்கவேண்டியதில்லை.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், அந்த மனிதர் சொன்னதைத் திகதியோடு ஒரு கொப்பியில் அப்படியே எழுதி வைப்பேன், கூட்டாமல் குறைக்காமல். பிறகு அதை என் சபைப் போதகரிடமும், என்னைச் சிறுவயதிலிருந்து தெரிந்த விசுவாசி ஒருவரிடமும் காட்டுவேன். முகத்துக்கு நேரே பிழை சொல்லத் தயங்காத ஒருவராக அவர் இருக்கவேண்டும். விடியற்காலையில் வீடு எழும்புமுன் மாற்கு சுவிசேஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பேன், வாசித்த பகுதியில் அன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போவேன். வேதத்தைப் பதில் தேடித் துருவவேண்டாம், இயேசுவைப் பார்ப்பதற்காக வாசியுங்கள். ஒரு நாள் முழுக்க அமைதியாக இருக்க முடிந்தால் மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் இருக்கிறது. தோலகட்டி ஆச்சிரமத்தை நெல்லிரசத்துக்காகவே பலருக்குத் தெரியும், ஆனால் 1928இல் அது தொடங்கப்பட்டது மௌனத்துக்கும் செபத்துக்கும். ஞாயிறு பாடசாலை, வாலிபர் கூட்டம், நோயாளிகளைச் சந்திப்பது என்று வேலையோடு செய்யக்கூடிய ஊழியம் எத்தனையோ இருக்கிறது. ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். உண்மையான அழைப்பு இருந்தால் அங்கே அது தன் முகத்தைக் காட்டும். அந்த ஊழியக்காரரிடம் தனியே போகவேண்டாம், போதகரையும் கூட்டிக்கொண்டு போய் மரியாதையாகக் கேளுங்கள்: ஐயா, டிசம்பர் என்ற தவணையையும் கர்த்தர்தான் சொன்னாரா?

தேவன் உங்களை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறாரா இல்லையா என்று இங்கிருந்து நான் சொல்லமுடியாது. உங்களோடு ஒரு நாள்கூடப் பழகாத நான் அதைச் சொன்னால், அந்த மனிதர் செய்ததையே நானும் செய்தவனாவேன். அழைத்தும் இருக்கலாம். உங்கள் கேள்வியில் ஒரு குறை மட்டும் எனக்குத் தெரிகிறது. அப்பா பல வருடங்கள் சபைச் செயற்குழுவில் இருந்தவர், இப்போதும் காலையில் வேதம் வாசித்துக் கேட்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பராமரிக்கவேண்டிய பாரமாகத்தான் கேள்வி முழுக்கக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த விடயத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. பேச்சு கொஞ்சம் குழறினாலும் அறிவு தெளிவாக இருக்கிறது என்றும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். அவரைப் பயப்படுத்திவிடுவேனோ என்று மறைத்திருப்பீர்கள். மறைக்கவேண்டாம். முதலில் அவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். மிச்சத்தை அதிலிருந்து கதைப்போம்.